முதலில் சேர்க்கைப் பதிவேடு

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீ பேசிப் பதினாறு நாள் ஆயிற்று. ஜூன் மாதம், சேர்க்கை வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

நூற்றாண்டு மலருக்குப் பள்ளி வரலாறு எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய். நம் வீட்டில் முதல் தலைமையாசிரியை நீதான், நன்றாகவே எழுதுவாய். ஊர்ப் பெரியவர்களிடம் பிறகு போகலாம், முதலில் சேர்க்கைப் பதிவேட்டைத் திற. பழைய புத்தகம் கரையான் அரித்திருக்கும். வெயிலில் போடாதே, தாள் நொறுங்கிவிடும். நிழலில் உலர்த்தி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடு. அப்போது பள்ளியை யார் நடத்தினார்கள் என்று முத்திரையைப் பார். தாலுகா போர்டு என்றிருந்தால் 1934-க்கு முந்தியது. அந்த ஆண்டோடு அவை கலைந்தன. அதன்பின் ஜில்லா போர்டு. 1958 பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்த பிறகுதான் ஒன்றியப் பள்ளி. ஆசிரியர்கள் அரசு ஊழியரானது 1981 ஜூன் 1 முதல்.

பிறந்த தேதிகளை நம்பாதே. பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் போட்ட தேதி அது. எந்தத் தெருப் பிள்ளை எந்த வருஷம் முதன்முதலாக உள்ளே வந்தது, பெண்பிள்ளை எப்போது வந்தாள் என்று பார். எனக்கு அதுதான் வரலாறு. காமராசரின் மதிய உணவு 1956, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலை 1. அந்தந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் பெயர்களை எண்ணி எழுது.

பள்ளி இடத்துக்குத் தானப் பத்திரம் இருக்கிறதா? வாய்ச்சொல்லில் கொடுத்த இடமாக இருந்து, பட்டா இன்னும் கொடுத்தவர் பெயரிலேயே கிடந்தால், பேரன்மார் வந்து வேலி போடுவார்கள். வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்துவிடு.

ஒன்றாம் வகுப்பில் இந்த வருஷம் எத்தனை பேர்? நீ சொல்லவில்லை. ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடுவார்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர், வகுப்போ ஐந்து. ஒருவர் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. அதைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் தனியார் பள்ளி வேன் பக்கம் போகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கூப்பிடு. "உங்க புள்ள எங்க படிக்குது டீச்சர்?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள்.

என்னையும் கேட்டார்கள், நான் வாய் திறக்கவில்லை. ஒன்றியப் பள்ளிச் சம்பளத்தில் உன்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனேற்றி அனுப்பினேன். அடுத்த வருஷம் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் அதே வேனில் ஏறினார்கள். டீச்சரே அனுப்பும்போது அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நான் செய்தது தப்பு கயல்.

பேத்தி யாழினிக்கு இந்த மாதம் ஐந்து வயது முடிகிறது. அவளுக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

பதிவேட்டை வெயிலில் போட்டுவிடாதே. ஒன்றாம் வகுப்பு எண்ணிக்கையை எழுது.

அம்மா