முழுங்கின பிறகு அடிக்காதே

சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு ஆத்தா எழுதுவது. இங்கே அப்பச்சியும் அப்பத்தாவும் சுகம். உன் நாய்க்குட்டி சாக்ஸை முழுங்கி, டாக்டர் வெளியே எடுத்த சேதி கேட்டதும் அப்பத்தா பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துக்கிட்டாக.

நீ அதைத் துரத்திப் பிடிச்சு வாயைப் பிளக்கப் பார்த்தேன்னு சொன்னதுதான் எனக்கு உறுத்துது. துரத்தினா நாய் விடாது. பிடுங்க வர்றாகன்னு அவசரமா முழுங்கத்தான் செய்யும். வேகவச்ச, எலும்பில்லாத கோழித் துண்டு ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டுப் பேசாம உட்காரு. அதை வாங்க வாயைத் திறந்தா, உள்ளே இருக்கிறது தானே கீழே விழுந்துரும். "விடு"ன்னு சொல்லித் தினமும் இப்படிப் பழக்கு. முழுங்கின பிறகு அடிச்சா, எதுக்கு அடின்னு அதுக்கு விளங்காது.

ஆனா சும்மாவும் இருந்துடாதே. போன மாம்பழ சீசன்ல பக்கத்து வீட்டு நாய் கொட்டையை முழுங்கிருச்சு. "தானா வந்துரும்"னு அவுக பார்த்துக்கிட்டே இருந்தாக. அது திண்ணை ஓரத்துல சுருண்டு கிடந்து, குடிச்ச தண்ணியையும் கக்குச்சு. வயித்தைத் தொட்டாலே முனகுச்சு. கடைசியில குடல்ல அடைச்ச கொட்டையை ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாக. பிழைச்சுருச்சு, ஆனா அதுபட்ட பாட்டைப் பார்த்த எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை.

மிச்சக் குழம்பைச் சோத்துல பிசைஞ்சு வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கம் உனக்கு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நாய்க்கு ஆகாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், சோர்வு தெரியறதுக்கே சில நாள் ஆகும். திராட்சை, உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துரும். அதுல இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கும்னு 2021-ல அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினாக. நம்ம புளியிலயும் அந்த அமிலம்தான் இருக்கு, தம்பி. புளிக்குழம்புச் சட்டியை நக்க விடாதே. சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலா சைலிட்டால்ங்கிற இனிப்புப் போட்ட சூயிங்கம் இதெல்லாம் எட்டாத இடத்துல இருக்கட்டும். வெந்த கோழி எலும்பும் கூடாது, சிம்பு சிம்பா உடைஞ்சு குத்தும்.

இனி எதையாவது தின்னுட்டா உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதே. அந்த உப்பே விஷமாகும்; கூரான பொருளா இருந்தா மேலே வரும்போது தொண்டையைக் கிழிச்சுரும். என்ன தின்னுச்சு, எவ்வளவு, எப்போன்னு டாக்டருக்கு உடனே போன் பண்ணு. பொட்டலத்தைத் தூக்கிப் போடாம கையோட கொண்டு போ. ராத்திரியில திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு நம்பரை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வை.

மாவுருண்டையும் மணகோலமும் பார்சல் போட்டிருக்கேன். டப்பாவை மேல் தட்டுல வை.

அன்புடன்,
ஆத்தா