செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய கார்களுக்குத் துணைப் பாகங்கள் செய்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பழைய கார் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் ஜார்ஜ்டவுனில் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதி துணைப் பாகங்களைப் பற்றியதுதான்.

மோரிஸ் மைனருக்கு எஞ்சின் சாமான் இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். 1948-இல் வந்து 16 லட்சத்துக்கும் மேல் விற்ற பிரிட்டிஷ் சிறு கார் அது. ஆனால் அந்தக் காலத்தில் கடையில் வாங்கிப் பூட்டிய ரேடியோ, முன்கண்ணாடிக்கு மேல் மாட்டிய வெயில் மறைப்பு போன்றவற்றை வேறு கம்பெனிகள் செய்தன. கார் கம்பெனியின் பட்டியலில் அவற்றுக்கு எண்ணே இருக்காது. தொலைந்தால் தொலைந்ததுதான். நாமே செய்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதலில் ரேடியோவின் குமிழ். உடையாத குமிழ் ஒன்றை வைத்து சிலிக்கோன் அச்சு எடுத்து, அதில் ரெசின் என்ற, ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றினோம். நம்மூர் ஈரக்காற்று படாதபாடு படுத்தியது. பாலியூரிதேன் ரெசினில் ஈரம் பட்டால் வாயு கிளம்பி, உள்ளே குமிழி குமிழியாக நுரைத்துவிடும். ஏர்கோன் அறைக்கு வேலையை மாற்றி, ரெசின் டின்னைத் திறந்த கையோடு மூடிவைத்த பிறகே வழவழவென்று வந்தது. அப்புறம் வெயில். மூடிய காரின் டேஷ்போர்டு 70 பாகை செல்சியஸைத் தாண்டும். சாதாரண ரெசின் இளகிவிடும். சூடு தாங்கும் ரகம் வாங்கி, வார்த்தபின் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துகிறோம். தண்டு நுழையும் துளையில் பித்தளைக் குழல் பதித்திருக்கிறோம். வெறும் ரெசின் துளை திருகத் திருகத் தேய்ந்து வழுக்கும்.

வெயில் மறைப்பின் கவ்விக்கு அடியில் வைக்கும் ரப்பருக்கு, ஒரு தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் செய்வோம் என்றது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சிறு பட்டறை நமக்கு வேண்டிய அளவுக்குச் செய்து தந்தது. பழைய ரப்பர் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், புதியதும் வெந்து ஆறும்போது சுருங்கும். அதனால் கவ்வியை அளந்தே அச்சு வெட்டச் சொன்னோம். இயற்கை ரப்பர் வெயிலில் வெடித்துவிடும் என்பதால் வெயில் தாங்கும் செயற்கை ரப்பரான ஈ.பி.டி.எம்.தான் போட்டோம்.

எத்தனை செய்வது என்ற கேள்விக்கு என் கருத்து இது. ஒரு சிலிக்கோன் அச்சு 20, 30 வார்ப்புக்குள் ஓரம் கிழியத் தொடங்கும். பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் செய்வோம், விற்பனைக்கென்று குவிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் நம் சங்கத்தின் குறி இருக்கிறது. நாளைக்கு யாரும் அசல் என்று சொல்லி விற்கக்கூடாது.

மாதிரிக்காகத் தங்கள் காரின் குமிழைக் கழற்றித் தந்த உறுப்பினருக்கும் பட்டறைக்காரர்களுக்கும் நன்றி. அடுத்து அந்த மறைப்பின் அலுமினியக் கவ்வியை வார்க்க இருக்கிறோம். உடைந்த கவ்வி வைத்திருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். இரண்டு துண்டை ஒட்டியும் அச்சு எடுக்கலாம். வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயரும் முன்பணமும் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்,
பினாங்கு