முதல் நாளிலேயே எடை பாருங்கள், டாக்டர்

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். மனநலம், நரம்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எந்த நோய்க்காகவும் மருந்துச் சீட்டு எழுதும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

என் தம்பிக்கு ஓலான்சபின் என்ற மனநோய் மாத்திரையைக் கொடுத்தார்கள். அந்த மாத்திரைதான் அவனை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இரவெல்லாம் விழித்துக்கொண்டு யாரோ திட்டுவதாகக் காதைப் பொத்திக்கொண்டிருந்தவன், சில வாரங்களில் தூங்கினான், எங்களோடு உட்கார்ந்து பேசினான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. மருந்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை.

இரண்டாவது மாதம் ஒருநாள் நள்ளிரவில் சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், பாத்திரத்தில் மிச்சமிருந்ததை நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைஞ்ச மாதிரியே இல்லக்கா" என்றான். "கொஞ்சம் வாயைக் கட்டுடா" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. மூளையில் ஹிஸ்டமின், செரோடோனின் என்ற வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளில் சிலவற்றை அந்த மருந்து அடைப்பதால் பசி கூடுகிறது, போதும் என்ற உணர்வு மங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்துத்தான். ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் அவனிடம் அப்படிப் பேசியிருப்பேனா?

30 அங்குல இடுப்பு 36 ஆனது. மருத்துவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டார்: "முன்னாடி எவ்வளவு எடை இருந்தார்?" எங்களுக்குத் தெரியவில்லை. அவருடைய கோப்பிலும் இல்லை. மருந்து தொடங்கிய அன்று யாரும் அவனை எடை மேடையில் நிற்கவே வைக்கவில்லை. நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த மாதம் துவைக்க எடுத்த சட்டைப் பையில் நாலைந்து மாத்திரைகள் கிடந்தன. அவன் மருந்தை நிறுத்தியே பல நாள் ஆகியிருந்தது. அப்புறம் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். பழைய குரல்கள் திரும்பி வந்தன.

இந்த எடைச் சிக்கல் ஓலான்சபினோடு முடியவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மனச்சோர்வுக்கான மிர்டாசபின், அமிட்ரிப்டிலின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், நரம்பு வலிக்கான பிரீகாபலின் ஆகியவற்றிலும் எடை கூடலாம். ஸ்டீராய்டு மாத்திரையைப் பல மாதம் சாப்பிடுகிறவருக்கு முகம் உருண்டு, பின்கழுத்தில் கொழுப்பு சேரலாம். இன்சுலின் போடத் தொடங்கினால், அதுவரை சிறுநீரில் வீணாகப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை உடம்பிலேயே தங்கி எடை கூடலாம். சர்க்கரை மாத்திரைகளான கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் இரண்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால் போன்ற மருந்துகளால் கூடுவது சராசரியாக ஒரு கிலோ சொச்சம்தான், அதை விட்டுவிடலாம்.

மாற்று வழி எப்போதும் இருக்காது என்பதும் புரிகிறது. எடையை அதிகம் கூட்டும் குளோசபின் என்ற மனநோய் மருந்தை விட்டால் வேறெதுவும் கேட்காத நோயாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அரிபிப்ரசோல் போல எடையை அவ்வளவாகத் தொடாத மருந்துகளும் இருக்கின்றன. சிலருக்குக் கூடவே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தும் பார்க்கிறார்கள். இவற்றில் எது பொருந்தும் என்பது நீங்கள் முடிவு செய்யவேண்டியது. எங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2004-லேயே இதைச் சொல்லிவிட்டன. ஓலான்சபின் வகை மருந்துகளைத் தொடங்கும்போது எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கவேண்டும். எடையை 4, 8, 12 ஆவது வாரங்களில் மறுபடி பார்க்கவேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தொடக்க எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்கவேண்டும். தொடக்க எடையே எழுதப்படாதபோது 5 சதவீதத்தை எதிலிருந்து கணக்கிடுவது?

நேரமில்லை என்பீர்கள். வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் நானும்தான் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும். எடை பார்க்க ஒரு நிமிஷம் போதும். "இந்த மாத்திரையில் பசி அதிகமாகும், அது உங்கள் தப்பு இல்லை. எடை கூடினால் என்னிடம் வாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று சொல்ல இன்னும் அரை நிமிஷம். அந்தக் கடைசி வார்த்தையை மறந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டையோ வலிப்பு மருந்தையோ திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணாடியைப் பார்த்து வெட்கப்படுகிறவருக்கு அது நினைவில் நிற்காது. நீங்கள் சொல்லியிருந்தால் ஒருவேளை நிற்கும்.

இப்போது தம்பி பார்க்கும் மருத்துவரின் அறையில் கதவை ஒட்டியே எடை மேடை இருக்கிறது. போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறான். எண்ணைச் சீட்டின் மேல் ஓரத்தில் எழுதிவிட்டு, "பசி எப்படி இருக்கு?" என்று அவர் கேட்கிறார். அவனும் மறைக்காமல் சொல்கிறான்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா