எக்கோவின் ஆய்வுகளை ஒதுக்கிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உம்பர்த்தோ எக்கோ மறைந்து பத்தாண்டுகள் ஆனதையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தாலிய எழுத்தாளர் ஒருவருக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், அவருடைய நாவல்களைப் படித்தால் போதும், ஆய்வு நூல்கள் பேராசிரியர்களுக்கானவை, பொது வாசகர் அவற்றைத் தொட வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். 'ஃபூக்கோவின் ஊசல்' நாவலின் தலைப்பில் வருபவர், கட்டுரை சொல்வதுபோல் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ அல்லர். 1851இல் பாரிஸின் பாந்தியன் கட்டடத்தில் நீண்ட கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, பூமி தன்னைத்தானே சுற்றுவதை மக்கள் கண்ணால் காணும்படி செய்த இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, ஆள்மாறாட்டம் என்றே என் பணிக்காலம் போனது. போலிப் பத்திரம் ஒன்று எப்படியோ பதிவாகிவிட்டால், அடுத்த கிரையப் பத்திரம் அதன் எண்ணைச் சுட்டும். அதற்கடுத்தது இரண்டையும் சுட்டும். மூன்றாம் கை மாறும்போது முதல் பொய்யை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எக்கோவை நான் தேடிப் படித்ததற்கு இதுவே காரணம். பொய்யான ஆவணங்கள் வரலாற்றை எப்படி நடத்திச் சென்றன என்பதை அவர் அளவுக்கு விடாமல் துரத்திய எழுத்தாளர் வேறொருவரை நான் அறியேன். அந்தத் துரத்தல் பாதி நாவல்களிலும் பாதி ஆய்வுகளிலும் இருக்கிறது.

பொய்மையின் வலிமையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு தானப் பத்திரம் வருகிறது. நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ரோமையும் மேற்குப் பேரரசையும் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஆவணம் அது. உண்மையில் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் புனையப்பட்டது. 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, அதன் லத்தீன் நடை கான்ஸ்டன்டைன் காலத்தது அன்று என்று நிறுவினார். அதற்குள் பல நூற்றாண்டுகளாக அதைக் காட்டிப் போப்பாண்டவர்கள் அரசியல் உரிமை கோரியிருந்தார்கள்.

அதே கட்டுரையில் பிரெஸ்டர் ஜான் கடிதமும் உண்டு. கிழக்கே எங்கோ செல்வம் கொழிக்கும் கிறித்தவ நாட்டை ஆளும் அரசர் எழுதியதாக 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உலவிய கடிதம். அக்கால ஐரோப்பியர் சொன்ன மூன்று இந்தியாக்களும் தன் ஆட்சியில் இருப்பதாகவும், தோமையாரின் உடல் கிடக்கும் நாடும் அதில் அடக்கம் என்றும் அந்த இல்லாத அரசர் சொல்கிறார். தோமையார் கல்லறை என்று மரபு காட்டும் இடம் நம் மயிலாப்பூர் என்பதால், அந்த வரியில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். அந்த அரசரைத் தேடிப் பயணிகள் ஆசியாவிலும் பின்பு ஆப்பிரிக்காவிலும் அலைந்தார்கள். 2000இல் வந்த 'பௌதோலினோ' நாவலில், எக்கோவின் சொந்த ஊரான அலெஸ்ஸாண்ட்ரியாப் பகுதியைச் சேர்ந்த குடியானவர் மகன் ஒருவன் நண்பர்களோடு சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறான். எழுதியவனே பிறகு அந்த நாட்டைத் தேடிப் புறப்படுகிறான். எக்கோவின் கட்டுரை, பொய் என்ன செய்தது என்று சொல்கிறது. அதைச் சொன்னவனே அதை நம்பத் தொடங்குவதை நாவல் காட்டுகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 'பிராக் கல்லறை' நாவல். 2010இல் வந்தது. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று சொல்லும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணம் உருவான கதை அது. நாவலுக்கு ஏறக்குறைய பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஆறு உரைகளில் கடைசி உரையில் எக்கோ இந்த ஆவணத்தின் வேர்களைத் தோண்டியிருந்தார். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் டூமா ஒரு நாவலில் ரகசிய சங்கத்தினர் கூடிச் சதி செய்வதாக எழுதிய காட்சியை, 1868இல் ஜெர்மானியரான ஹெர்மன் கோட்ஷே தன் நாவலுக்குள் தூக்கிவந்து, பிராக் யூதக் கல்லறையில் நடப்பதாக மாற்றுகிறார். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மோரிஸ் ஜோலி என்பவர் 1864இல் எழுதிய உரையாடல் நூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே இல்லை. அதன் பத்திகளும் போலிக்குள் புகுந்தன. அந்த ஜோலியும் இன்னொரு பிரெஞ்சு நாவலாசிரியரான யூஜின் சூவின் நாவலிலிருந்து எடுத்திருக்கிறார் என்று எக்கோ காட்டுகிறார். ஆக, நாவலிலிருந்து நாவலுக்கு, அங்கிருந்து துண்டறிக்கைக்கு, கடைசியில் 1903இல் ரஷ்யப் பத்திரிகையில் 'ஆவணம்' ஆகிவிடுகிறது. 1921இல் லண்டன் 'டைம்ஸ்' இதன் திருட்டை வரிக்கு வரி அம்பலப்படுத்தியது. ஆனாலும் ஹிட்லர், இதைப் போலி என்று கதறுவதே இது உண்மை என்பதற்குச் சான்று என்ற பொருளில் எழுதினார். அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும்.

நாவலில் இந்தச் சரக்கு முழுவதும் சிமோனினி என்ற போலிப் பத்திரக்காரனின் வாய்வழியாக வருகிறது. அவன் யூதர்களை வெறுப்பவன். பக்கத்துக்குப் பக்கம் அந்த வெறுப்பைக் கக்குகிறான். நாவல் வெளியானபோது ரோம் நகரின் தலைமை ரபியான (யூத மதகுரு) ரிக்கார்தோ தி சேன்யி, படிப்பவர்கள் இதை உண்மை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கவலை தெரிவித்தார். அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் நாவல் மட்டும் போதும் என்பதை நான் எதிர்க்கிறேன். ஹார்வர்டு உரையைப் படித்துவிட்டு நாவலுக்குள் போகிறவருக்குச் சிமோனினியின் ஒவ்வொரு வரியும் எங்கே திருடியது என்று தெரியும். உரையைப் படிக்காதவர் அவன் கையில் தனியாக மாட்டிக்கொள்கிறார்.

'ஊசல்' நாவலிலும் இதே நிலைதான். மிலான் பதிப்பகம் ஒன்றின் ஊழியர் மூவர், கிழிந்த ஒரு பழைய தாளை டெம்ப்ளர் வீரர்கள் என்ற இடைக்காலக் கிறித்தவப் போர்த்துறவிகளின் ரகசியத் திட்டம் என்று வைத்துக்கொண்டு விளையாட்டாகக் கதை கட்டுகிறார்கள். மூவரில் ஒருவனான கசோபோனின் துணைவி லியா, அந்தத் தாள் கிடைத்த ஊரைப் பற்றிய சுற்றுலாக் கையேட்டை வரவழைத்துப் படித்துவிட்டு, இது துணியும் வைக்கோலும் ரோஜாவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஒரு வியாபாரியின் பட்டியல் என்கிறாள். ஆவணத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் பதிவு எழுத்தர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல அத்தியாயம் கிடையாது. நாவல் வந்தது 1988இல். 1990இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில், ஒரு பிரதிக்குப் பல பொருள் கொள்ளலாம், ஆனால் எல்லாப் பொருளும் அதற்குப் பொருந்திவிடாது என்று எக்கோ வாதிட்டார். 1962இல் 'திறந்த படைப்பு' என்ற நூலை எழுதி, பொருள் கொள்வதில் வாசகருக்கு வாசலைத் திறந்துவிட்டவரே இதைச் சொன்னார் என்பதை மறக்கக் கூடாது.

எனவே ஐயா, தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஹார்வர்டு உரைகளில் கடைசி ஒன்றுக்கு மட்டுமாவது, அடுத்த ஞாயிறு இணைப்பில் எளிய தமிழில் ஓர் அறிமுகம் எழுதச் செய்யுங்கள். கட்டுரையாளரே எழுதினாலும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவர்,
கும்பகோணம்.