நெல்லிக்குப்பத்து தங்கச்சிக்கும் மத்த எல்லாருக்கும்

மூளைல ரத்தக்குழா அடைச்சு பக்கவாதம் வந்த அப்பாவ வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டோம். என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப அதையெல்லாம் எழுத தெம்பு இல்ல. நன்றிய மட்டும் இப்பவே சொல்லிடறேன், தள்ளிப்போட்டா அப்படியே விட்டுப்போயிடும்.

வாய் கோணினத பாத்ததும் சோடா, சுக்குக்காப்பின்னு எதையும் தொண்டைல ஊத்த விடாம, கடைசியா எத்தன மணிக்கு நல்லா பேசினாருன்னு கேட்டு குறிச்சு வச்ச எதிர்வீட்டு தம்பி, கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டிச்சேரி கோரிமேடு வரைக்கும் எங்க அழுகைக்கு நடுவுல நிதானமா வண்டி ஓட்டின அண்ணன், ஜிப்மர் டாக்டருங்க, சிஸ்டருங்க, அப்பாவ திருப்பி படுக்க வைக்க கூப்பிட்டப்பல்லாம் வந்த ஆயாம்மா, சோறு குழம்பு கட்டி அனுப்பின சித்தி, லீவுக்கு ஒரு வார்த்த கேக்காத எங்க மேனேஜர் சார், எல்லாருக்கும் கையெடுத்து கும்பிட்டுக்கறேன். நேர்ல வந்தும் சொல்றேன்.

ஆனா இத எழுத உக்காந்ததே ஒரு பொண்ணுக்காகத்தான். பக்கத்து பெட்ல அவளோட பெரியப்பா. ஊரு நெல்லிக்குப்பம். பேரு போடாதீங்கக்கான்னுட்டா. வெளியூர்ல மூளை செல்ல பத்தி பிஎச்டி பண்றாளாம், பாத்தா ப்ளஸ் டூ பொண்ணுன்னுதான் நினைப்பீங்க.

அன்னிக்கு அப்பா முந்தின நாள விட மந்தமா இருந்தாரு. அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி போட்டாச்சு, அப்புறம் ஏன் இப்படி பின்னாடி போறாருன்னு எனக்கு ஒண்ணும் ஓடல. வீக்கம் இருக்கும்மா, பாத்துக்கிட்டுதான் இருக்கோம்னு சொல்லிட்டு டாக்டர் அடுத்த பெட்டுக்கு போயிட்டாரு, அவருக்கும் எத்தன பேர பாக்கணும். இந்த நேரம் பாத்து பெரியம்மா போன் பண்ணி புறா ரத்தம் தேய்ச்சா கை கால் வந்துடும், புறா கூட வாங்கியாச்சுங்கறாங்க. வராண்டால நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். இவ டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு, "உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லட்டுமாக்கா? தெரிஞ்சா பயம் கொஞ்சம் குறையும்"னு கேட்டா.

ஸ்கேன் கவர் பின்னாடி பேனால வரைஞ்சுதான் சொன்னா. மூளை நம்ம எடைல 2 சதவீதம்தான், ஆனா 20 சதவீதம் ஆக்ஸிஜன அது ஒண்ணே இழுத்துக்குமாம், சேத்து வச்சுக்கவும் தெரியாதாம். ரத்தம் நின்னா கொஞ்ச நிமிஷத்துலயே ஏடிபி, அதான் செல்லுக்கு எரிபொருள் மாதிரி, தீந்துடும். செல்லுக்குள்ள வர்ற சோடியத்த வெளிய தள்ளிக்கிட்டே இருக்கற பம்பு அந்த ஏடிபிலதான் ஓடுது, அது நின்னா சோடியமும் பின்னாடியே தண்ணியும் உள்ள வந்து செல் ஊதிடும், செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல வச்சிருக்கற குளூட்டமேட்டுங்கற பொருளெல்லாம் வெளிய கொட்டும், அது பக்கத்து செல்ல அளவுக்கு மீறி உசுப்பிவிட்டு அதுக்குள்ள கால்சியம் பாயும், கால்சியம் ஏறினா செல்லோட சொந்த நொதிங்களே செல்ல அறுத்துப்போட ஆரம்பிச்சுடும். பெரிய ரத்தக்குழா அடைச்சு அப்படியே விட்டா நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான், அதான் மூளையோட நரம்பு செல்லு, போகும்னு 2006ல கணக்கு போட்டிருக்காங்களாம். எதிர்வீட்டு தம்பி மணி கேட்டதோட அருமை எனக்கு அங்கதான் புரிஞ்சுது, கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரம்தான் அந்த ஊசிக்கு கெடு.

"எல்லாம் செத்துப்போச்சாடி?"ன்னு கேட்டேன். "தானே புயல் ஞாபகம் இருக்காக்கா?"ன்னா. 2011 டிசம்பர் 30, கடலூர்காரங்க யாருக்கு மறக்கும். "அதுல இடிஞ்ச வீடு வேற, வீடு நின்னு கரண்ட் மட்டும் போனது வேற. அடைப்புக்கு நடுவுல இருக்கற செல்லு போனது போனதுதான். சுத்தி பெனம்ப்ரான்னு ஒரு இடம், அங்க செல்லுக்கு உயிர் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. நேரத்துக்கு ரத்தம் திரும்பினா அதுல நிறைய தப்பிச்சுக்கும்." வீக்கம் பொதுவா 3லேர்ந்து 5 நாளுக்குள்ளதான் உச்சத்துக்கு போகும், டாக்டருங்க அதத்தான் கண்ல விளக்கெண்ணெய் விட்டு பாத்துக்கிட்டு இருக்காங்கன்னா. இந்த ஒண்ண யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்ளோ ஆடிப்போயிருக்க மாட்டேன்.

அப்போ அந்த குளூட்டமேட்ட தடுக்க ஒரு மருந்து போடக்கூடாதான்னு கேட்டேன். சிரிச்சுட்டா. உலகம் பூரா அதத்தான் முயற்சி பண்ணாங்களாம். செல்ல காப்பாத்தறதுக்குன்னு சோதிச்சு பாத்தது மட்டும் 2006 வரைக்கும் 1,026ன்னு ஒரு பட்டியலே இருக்காம், எலிக்கு கேட்டது எதுவும் மனுஷனுக்கு பெருசா கேக்கலையாம். முதல் சில மணி நேரம் விஷமா இருக்கற அதே குளூட்டமேட்டுதான் அப்புறம் மூளை திரும்ப கத்துக்கறதுக்கு வேணும், அத கண்மூடித்தனமா அடைச்சு வைக்கவும் முடியாதுன்னா. எனக்கு அத கேட்டு ஏனோ கோவம்தான் வந்துச்சு, இவ்ளோ படிச்சும் இதானான்னு.

அப்புறம் சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு பிடிமானம். பொழச்ச செல்லுங்க அடுத்த வாரங்கள்ல, வளரும்போது சுரக்கற மாதிரியான புரதங்கள திரும்ப சுரந்து புது கிளை விடுமாம், புதுசா இணைப்பு போடுமாம். எந்த இணைப்பு நிக்கணும்ங்கறத நாம செய்ய வைக்கற பயிற்சிதான் முடிவு பண்ணும், முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம், பிசியோவ மட்டும் விட்றாதீங்கன்னா. "கை முழுசா வந்துடும்னு நான் சொல்ல மாட்டேங்கா"ன்னும் சொன்னா. பாக்க வந்த அத்தன பேரும் சரியாயிடும் சரியாயிடும்னாங்க, மனசு ஆறல. இவ அப்படி சொல்லாதது எனக்கு எவ்ளோ பெரிய தெம்பா இருந்துச்சுன்னு எப்படி எழுதறதுன்னு தெரியல.

அவ பெரியப்பாவுக்கு அடைப்பு இல்ல, ரத்தக்கசிவு. சிடி ஸ்கேன்ல அது தெரிஞ்சுட்டா கட்டிய கரைக்கற இந்த ஊசிய நினைச்சே பாக்கக்கூடாது. அவருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு அவளுக்கு அக்குவேறா ஆணிவேறா தெரியும். அத வச்சுக்கிட்டுதான் எனக்கு டீ வாங்கிட்டு வந்து படம் வரைஞ்சிருக்கா.

பெரியம்மாவுக்கு போன் போட்டு எனக்கு புரிஞ்ச அளவுக்கு குளூட்டமேட்டு கதைய சொன்னேன். சரிடி, புறாவ பறக்க விட்டுடறேன்னாங்க. அவங்களுக்கும் நன்றி.

அப்பாவுக்கு கட்டை விரல் அசையுது, எலுமிச்சம்பழத்த பிடிக்க வைக்கறோம், நழுவுது, திரும்ப குடுக்கறோம். தீபாவளியே வந்தாலும் பிசியோ நிக்காது, பிரஷர் மாத்திரை என் பொறுப்பு. நம்ம தெருவுல யாருக்காவது வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ கை வைத்தியம் பாக்காதீங்க, மணிய பாத்துட்டு 108ஐ கூப்பிடுங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எங்க வீட்டு கதவ தட்டுங்க, நான் கூட வரேன்.

தங்கச்சி, நீ இத படிப்பன்னு தெரியும். பெரியப்பாவ வார்டு மாத்தினா ஒரு மெசேஜ் போடு, ஞாயித்துக்கிழம ராத்திரி துணைக்கு நான் வந்து இருக்கேன், நீ போய் தூங்கு.