புதுச் சவரக்கத்தியும் முதல் சவரமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்களிடம் முதன்முறையாகச் சவரக்கத்தி வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். புத்தம் புதிய கத்தியின் பெட்டி ஏன் முன்பே பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. பணம் செலுத்திய உடனே ஏன் அனுப்புவதில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த ஊரில் செய்த கத்தியானாலும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது அநேகமாக முகத்தில் வைக்கத்தக்க நிலையில் இருப்பதில்லை. அதைத் தீட்டி, சோதித்து அனுப்புவதற்கே பெட்டியைப் பிரிக்கிறோம், சில நாள் அவகாசமும் கேட்கிறோம்.

எங்கள் கடையில் இருப்பவை பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலும் பிரான்சின் தியேர் நகரிலும் செய்யப்பட்டவை. சோலிங்கன் என்ற பெயரைக் கத்திகளில் பொறிப்பதற்கு 1938ஆம் ஆண்டு முதலே அந்நாட்டில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆயினும் அப்பெயர் உறுதியளிப்பது எஃகையும் வேலைப்பாட்டையும்தானே தவிர, அன்றே சவரம் செய்யத்தக்க கூரை அன்று. கடைசிக் கூரைத் தீட்டிக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு என்பது இத்தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கைப்பழக்கமுள்ள நாவிதருக்கு அதில் சிரமமில்லை. முதல் கத்தியை இப்போதுதான் கையில் எடுப்பவரிடம் அப்பொறுப்பை விட்டுவிடுவது சரியாகாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

கத்தி வந்ததும் துருப்பிடிக்காதிருக்க அதன்மேல் பூசப்பட்டுள்ள எண்ணெயைத் துடைத்து, கூரை உருப்பெருக்கியின் கீழ்ப் பார்க்கிறோம். பிறகு 1000 எண் தீட்டுக்கல்லில் கூரின் இருபுறச் சரிவுகளும் குதிகால் (பிடியை ஒட்டிய முனை) முதல் நுனி வரை ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்கிறோம். அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். இந்தச் சந்திப்பு ஓரிடத்தில் விட்டுப்போனாலும், அடுத்து எத்தனை நுண்ணிய கல்லில் தேய்த்தாலும் அந்த இடம் முடியை அறுக்காது, இழுக்கும். அது சரியான பின் 4000, 8000, 12000 என்று படிப்படியாக நுண்ணிய கற்களுக்குச் செல்கிறோம்; எண் கூடக்கூடக் கல்லின் பரல் நுண்மையாகும். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல் விட்ட கீறல்களை அழிக்கிறது. இறுதியில் தோல்வாரில் (கூரைச் சீராக்கும் பட்டையில்) தடவி, தொங்கவிட்ட ஒற்றை முடியைக் கூரின் எல்லாப் பகுதிகளிலும் படவைத்து, அறுபடுகிறதா என்று பார்க்கிறோம்.

உங்கள் கத்தியின் முதுகில் இருபுறமும் மெல்லிய பளபளப்பான கோடு தெரிந்தால், அதைப் பழுதென்றோ பழைய சரக்கென்றோ எண்ண வேண்டாம். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கூரும் ஒருசேரக் கல்லின்மேல் படிந்திருக்க வேண்டும். தீட்டும் கோணத்தைத் தீர்மானிப்பது அந்த முதுகின் கனமே. ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலமுள்ள, நாங்கள் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கும் 5/8 அங்குல அளவுக் கத்தியில் இக்கோணம் ஏறக்குறைய 16 டிகிரி வரும். முதுகில் தங்க முலாம் உள்ள கத்திகளில் மட்டும், முலாம் தேயாதிருக்க மின்கம்பிகளுக்குச் சுற்றும் நாடாவை ஒரு சுற்று ஒட்டித் தீட்டுகிறோம். அவ்வாறு தீட்டிய கத்தியுடன் ஒரு குறிப்புச்சீட்டு வைக்கிறோம்; நாடா ஒட்டினால் கோணம் சிறிது கூடும் என்பதால், அடுத்த முறை யார் தீட்டினாலும் அதேபோல் நாடா ஒட்டியே தீட்ட வேண்டும்.

இனி உங்கள் கைக்கு வந்த பின் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம். முதல் சவரத்துக்கு முன் கத்தியை வாரில் தீட்டாதீர்கள். நாங்கள் அனுப்பும் கூருடனேயே முதல் சவரத்தைச் செய்யுங்கள். பழகாத கை வாரில் தரும் அழுத்தமே புதுக் கூரை மடக்கிவிடும். பிறகு சவரத்தில் வலித்தால், குறை கத்தியிலா கையிலா என்று உங்களாலும் அறிய முடியாது, எங்களாலும் சொல்ல முடியாது. வாரில் தீட்டுவதைத் தனியே, கூரில்லாத மேசைக் கத்தியைக் கொண்டு பழகுங்கள். வாரைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்து, முதுகு முன்செல்லக் கூர் பின்தொடரும்படி, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் இல்லாமல் இழுக்க வேண்டும். கோடியை அடைந்ததும் கத்தியை முதுகின்மேல் உருட்டித் திருப்ப வேண்டும். கூரின்மேல் திருப்பினால் வாரும் வெட்டுப்படும், கூரும் போகும். தொடக்கத்தில் வேகம் சிறிதும் தேவையில்லை. இத்திருப்பம் கைக்குப் படிந்த பிறகு, இரண்டாவது சவரம் முதல், ஒவ்வொரு சவரத்துக்கும் முன் வாரின் துணிப்பட்டையில் 20 முறையும் தோல்பட்டையில் 50 முறையும் போய்வரத் தீட்டினால் போதும். தீட்டும் பசை எதையும் அந்த வாரில் பூச வேண்டாம். ஒரு முறை பூசினால் அதை முழுவதுமாக நீக்குவது மிகக் கடினம்.

முதல் சவரத்தை வெந்நீரில் குளித்த பின், அவசரமில்லாத ஒரு நாளில் செய்யுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கத்தியில் எண்ணெய்ப் படலம் இருக்கும். ஈரத்துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள், கூரின் நீளவாக்கில் ஒருபோதும் துடைக்காதீர்கள். பிரஷ்ஷால் சோப்பை நன்கு குழைத்து, நீர் தாராளமாக உள்ள நுரையாகப் பூசிக்கொள்ளுங்கள். அன்றைக்கு இரு கன்னங்கள் மட்டும் போதும். மோவாயும் மேலுதடும் வளைவுகள் நிறைந்தவை. கழுத்தில் முடி பல திசைகளில் வளரும். அவற்றை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளலாம், அதில் குறைவேதும் இல்லை. மறுகையால் தோலை நன்கு இழுத்துப் பிடித்து, கத்தியை முகத்தோடு ஏறத்தாழ 30 டிகிரிச் சாய்வில் வைத்து, முடி வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்புகளாகக் கீழே கொண்டுவாருங்கள். கூரின் நீளவாக்கில் கத்தியை நகர்த்தினால் வெட்டு நிச்சயம். நுனி உருண்ட கத்தியையே தொடக்கநிலையினருக்குத் தருகிறோம். காது மடலுக்கு அருகே அதன் பயனை நீங்களே உணர்வீர்கள்.

முடி இழுபட்டால் முதலில் சாய்வைக் குறைத்துப் பாருங்கள், நுரைக்கு இன்னும் சிறிது நீர் சேருங்கள், தோலின் இழுவையைக் கவனியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் கத்தியை எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். வாங்கிய முதல் மாதத்தில் கட்டணமின்றி மீண்டும் தீட்டித் தருகிறோம்.

ஒன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் இக்கத்தியைத் தராதீர்கள். அவருடைய சக்கரம் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏற்றது, அவ்வேலையில் அவர் தேர்ந்தவர். ஆனால் சவரக்கத்தியின் இருபக்கமும் குழித்துக் கடையப்பட்டிருப்பதால் கூரையொட்டிய பகுதி மிக மெல்லியது. உலர்ந்த சக்கரத்தில் வைத்த சில நொடிகளிலேயே அது சூடேறி நீலம் பாரித்துவிடும். நீலம் பாரித்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதைத் திரும்பக் கொண்டுவர எங்களாலும் இயலாது.

சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி, பிடியின் இடுக்கிலும் ஈரமில்லாமல் துடைத்து, சிறிது நேரம் திறந்தபடியே உலரவிட்ட பின் மூடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரே இரவில் துருப்புள்ளி விழக்கூடும். குளியலறையில் வைக்க வேண்டாம். தினமும் பயன்படுத்தாதவர்கள் தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் படியும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். வீட்டில் வேறு யாரும், உடன்பிறந்தவரே ஆனாலும், உங்கள் கத்தியைப் பயன்படுத்த இடம் தராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியின் மூலமும் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி பரவக்கூடியது. சலூன்களில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு மாற்றும் கத்தியைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

வாரில் ஒழுங்காகத் தீட்டிவந்தால், பல மாதங்கள் வரை கல்லில் தீட்டும் தேவை வராது. தேவைப்படும்போது கத்தியை உலர்த்தி, எண்ணெய் தடவி, மூடிய நிலையில் ரப்பர் வளையம் இட்டுப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். நாடா பற்றிய குறிப்புச்சீட்டு உங்களிடம் இருந்தால் அதையும் உடன் வையுங்கள்.

அன்புடன்,
கடையின் தீட்டுப் பிரிவினர்