கெபெர்ஹாவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சீனுவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உறையின் மேல் நீ இன்னமும் 'போர்ட் எலிசபெத்' என்றே எழுதுகிறாய். 2021ஆம் ஆண்டிலேயே இந்தத் தென்னாப்பிரிக்க நகரத்துக்கு, இங்கு ஓடும் ஆற்றின் கோசா மொழிப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 'கெபெர்ஹா' என்று தமிழில் எழுதினால் அதன் முதலிலுள்ள சொடுக்கொலி தொலைந்துபோகிறது. ழகரத்துக்கே புலவர் ஐயாவிடம் அந்தப் பாடுபட்ட நீ, இதைச் சொல்ல முயலும்போது நான் அருகில் இருக்க வேண்டும்.

இரக்கப்பட்டு நாம் உச்சுக் கொட்டும் அதே ஒலி, கோசாவில் சொற்களுக்குள் வரும் மெய்யொலி. நாக்கின் பின்பகுதியும் முன்பகுதியும் மேலே ஒட்டியிருக்க, நடுப்பகுதியைத் தாழ்த்திவிட்டு முன்பகுதியை விடுவித்தால், வெளிக்காற்று உள்ளே பாய்ந்து ஒலி வெடிக்கிறது; நுரையீரல் காற்றுக்கு அந்த வெடிப்பில் வேலையே இல்லை. பல்லில் ஒன்று, அண்ணத்தில் ஒன்று, கன்னத்தோரம் ஒன்று என மூன்று வகை. கோசா என்ற பெயரே கன்னத்தோரச் சொடுக்கில்தான் தொடங்குகிறது.

ஆனால் இவை கோசாக்களின் பூர்விகச் சொத்தல்ல. கோசாவும் சேர்ந்த பாந்து மொழிக் குடும்பத்தைப் பேசியவர்கள் தெற்கே வந்தபோது, இங்கு முன்பே வாழ்ந்த கோய், சான் மக்களிடமிருந்து பெற்றவை. மணமாகி வந்த பெண்கள் வழியாகவே பெரும்பாலும் நுழைந்திருக்கும் என்கிறார்கள். மாமனார் பெயரிலுள்ள அசைகளை மருமகள் எந்தச் சொல்லிலும் உச்சரிக்கக் கூடாது என்னும் 'ஹ்லோனிபா' வழக்கமும் துணைநின்றது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து: விலக்கப்பட்ட ஒலியின் இடத்தில் சொடுக்கொலியைச் செருகிவிடலாமல்லவா? தாத்தா பெயர் ஆறுமுகம் என்பதற்காக ஆறை 'அஞ்சும் ஒண்ணும்' என்று எண்ணிய உன் அப்பாயிக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

என்னை உறுத்துவது வேறு. கோசாவைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 80 லட்சம் பேர். ஒலியைக் கொடுத்தவர்களின் மொழிகளோ ஒவ்வொன்றாக அழிகின்றன. சான் மக்களின் மொழிகளுள் ஒன்றான, பேச ஆளில்லாமல் போன சாம் மொழியில்தான், 2000ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்க அரசு தன் சின்னத்தின் வாசகத்தைப் பொறித்துக்கொண்டது. உயிரோடிருந்தபோது யார் மதித்தார்கள்? அவர்களின் இன்னொரு மொழியான நூவில், உதடுகளைக் குவித்து முத்தமிடுவதுபோல் எழுப்பும் அரிய சொடுக்கொலியும் உண்டு. அந்த நூ மொழியைச் சரளமாகப் பேசும் கடைசி மனிதராக அறியப்படுபவர் 1933இல் பிறந்த கத்ரினா எசாவ். சிறுமியாக இருந்தபோது பண்ணை முதலாளிகளால் தடுக்கப்பட்ட அம்மொழியை, முதுமையில் அப்பிங்டன் நகரிலுள்ள தம் வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தார். பேத்தியோடு சேர்ந்து, 2021இல் அம்மொழியில் ஒரு சிறுவர் நூலும் வெளியிட்டார். அக்குழந்தைகள் சொற்களைக் கற்கிறார்கள். சண்டையிடவும் கேலி பேசவும் அம்மொழி அவர்களுக்கு வருமா என்பதே என் கவலை.

மொழியென்றால் வரும், போகும் என்று வழக்கம்போல் ஒற்றை வரியில் முடித்துவிடாதே. பக்கம் நிறைய எழுது. வாதாட ஆயத்தமாக இருக்கிறேன். மல்லிகாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரகு